கடுதாசி என்றுதான் சொன்னார்

போன மாதம் துஷாந்தி எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஊடகக் கற்கை பாடத்துக்கு என் இடத்தில் வந்திருக்கும் இளம் ஆசிரியை.

"டீச்சர், இப்ப போன்லயே எல்லாம் இருக்கு. எடுத்த படத்தப் போட்டா அதுவே வெட்டி, மியூசிக்கும் போட்டுத் தருது. பேசுறவங்க குரலக்கூட மாத்திக் குடுக்குது. பெறகு எதுக்கு டீச்சர் இவ்வளவு மெனக்கெடணும்னு பிள்ளைங்க கேக்குறாங்க. நான் என்னா சொல்ல?"

"குரலையுமா மாத்துது?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். எந்தப் பேச்சக் குடுத்தாலும் டீவி நியூஸ் வாசிக்கிற மாதிரி ஆக்கிருது."

அன்றைக்கு அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கவோ பெருமை பேசவோ இதை எழுதவில்லை. நடந்தது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பிறந்தது வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுத்தார். படித்து, பயிற்சிக் கல்லூரி முடித்து, தமிழாசிரியையாக ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு வந்தேன். வேலைக் காலம் முழுவதையும் அங்கேயே கழித்தேன். ஊடகப் பாடம் என் தலையில் விழுந்தது வேறு யாரும் கேட்காததால். கொழும்பில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். விரிவுரை சிங்களத்தில் நடந்தது. கமராவை மேசையில் வைத்துக் காட்டினார்கள், தொட விடவில்லை. மிச்சத்தை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். டீவியில் தொடர் நாடகம் ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு காட்சி எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவேன். "டீச்சருக்கு என்னமோ ஆயிருச்சு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எங்கள் பாடசாலை அதிபர் மகேந்திரன் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

முதல் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பார். வெள்ளைச் சட்டையின் கைப்பொத்தான் எந்த மழையிலும் பூட்டியே இருக்கும். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. பிள்ளை ஏதாவது சொன்னால், அதையே நல்ல தமிழில் மெதுவாகத் திருப்பிச் சொல்வார். "சேர், அவ இன்னக்கி வரல சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அவள் இன்றைக்கு வரவில்லை" என்பார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும்வரை அங்கேயே நிற்பார். எங்கள் பாடக்குறிப்புகளில் பிழை இருந்தால் பென்சிலால் மட்டும்தான் திருத்துவார். நாங்களே அழித்துவிட்டு மையால் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அந்த மரியாதை அவரிடம் இருந்தது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத எங்கள் பாடசாலைக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அவரும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவர். டயகமப் பக்கம். அது எங்களில் சிலருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பேச்சை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வருடம் வலய மட்டத்தில் மாணவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடர் நாடகத்தைக் கற்பனை செய்து, அதற்கு இரண்டு நிமிட முன்னோட்டம் தயாரிக்க வேண்டும். டிரெய்லர் என்றதும் வகுப்பே துள்ளியது. முதல் நாள் வந்த கதைகளில் எல்லாம் மாமியார், பங்களா, நகை, விஷம் கலந்த பால். இரண்டாவது நாள் கௌசல்யா எழுந்தாள். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் இருப்பவள், அதிகம் பேசாதவள்.

"டீச்சர், ஒரு கடுதாசி காணாம போற கதை எடுத்தா என்னா?"

லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கு, காம்பராவுக்கு, தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். சில நேரம் வரும், சில நேரம் மேசைக்கடியில் கிடக்கும். கௌசல்யாவின் அக்காவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் கைக்கு வந்தபோது, பரீட்சை முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அக்கா இப்போது கொழும்பில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில். இதையெல்லாம் அவள் வகுப்பில் சொல்லவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். வகுப்பில் கேட்டது இதைத்தான்: "கடுதாசிய ஒளிச்சு வச்சது யாரு? அதத்தான் டீச்சர் டிரெய்லர்ல கேக்கணும். பதில் சொல்லக் கூடாது."

டிரெய்லரின் இலக்கணமே அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு அது தெரிந்திருந்தது. நாடகத்துக்கு 'ஆறாம் நம்பர் காம்பரா' என்று பெயர் வைத்தோம். கௌசல்யா இயக்குநர். கணினி அறையை விட்டு வெளியே வராத நிரோஷா படத்தொகுப்பு.

கமராவைத் தொடுவதற்கு முன் மூன்று வாரம் தாளில் வேலை செய்தோம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு காட்சி. மேலே படம், கீழே மூன்று வரி: என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, எத்தனை நொடி. வகுப்புக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் தாள்களைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை அந்தக் கயிற்றோடு நடந்து, படத்தை மட்டும் பார்த்துக் கதையைச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் திக்குகிறதோ அந்தத் தாளைக் கழற்றுவோம். முப்பத்தெட்டில் தொடங்கி இருபத்தொன்றில் நின்றது. "கழட்டின தாளு எல்லாம் எம் மனசுல இருக்கு டீச்சர்" என்று நிரோஷா சொன்னாள். "இருக்கட்டும், பாக்கிறவங்க மனசுலயும் அது தானா வரும்" என்றேன்.

படம் பிடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் மூடுபனியோடு மல்லுக்கட்டுவது. காலையில் வெயிலில் பாதி எடுப்போம். இரண்டு மணிக்கு முகில் இறங்கினால் பின்னால் இருந்த மலையே காணாமல் போய்விடும். ஆகவே ஒரு காட்சியின் எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்துக்குள் எடுப்பது என்று சட்டம் போட்டேன். தோட்டத்து ஆபீசில் படம் எடுக்க அனுமதி கிடைக்காது என்று தெரியும். பாடசாலைக் களஞ்சிய அறைக்குக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் மேல் 'அலுவலகம்' என்று பலகை அடித்தோம். எங்களுக்குக் கமரா என்பது ஒரு போன்தான்; காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அதன் வாய்க்குப் பஞ்சு வைத்துக் கட்டினோம்.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. இருபதாவது தாள். அம்மா ஜன்னலுக்கு முன்னால் நின்று கேள்வி கேட்கும் இடம். ஒரு மாணவிக்குச் சேலை கட்டி, தலையில் துண்டு போட்டு நிறுத்தினோம். எத்தனை முறை எடுத்தாலும் பாடசாலைக் கலைவிழா போலவே இருந்தது.

"எங்கம்மாவக் கூட்டியாரவா டீச்சர்?" என்றாள் கௌசல்யா.

முத்துலெட்சுமி அடுத்த நாள் வந்தார். காலையில் கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். இடுப்பில், செடி கிழிக்காமல் கட்டும் படங்குச் சாக்கின் அடையாளம் அப்படியே இருந்தது.

"அரைப்பேர்தான் போடுவாங்க இன்னக்கி, அரைநாள் சம்பளம். போடட்டுங்க" என்றார். "நான் என்னா சொல்லணும்?"

கௌசல்யா எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். நல்ல எழுத்துத் தமிழில் இருந்தது. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இப்பிடியா டீச்சர் கேப்பாங்க? இப்பிடிக் கேட்டா அவன் கதவ மூடிருவான்."

"நீங்க எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க."

நான்கு முறை எடுத்தோம். நான்கிலும் போனைப் பார்த்தார். ஐந்தாவது தடவை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். அந்தப் பக்கம் கிளார்க்காக நின்ற மாணவன் பயந்துபோய்த் தலையைக் குனிந்தான். அப்போதுதான் கேட்டார்.

"எம் மக பேருக்கு வந்த கடுதாசிய எடுத்து வச்சிக்கிட்டது யாருங்க? அவ கையில குடுக்க வேண்டியத நீங்க எதுக்கு வச்சிருந்தீங்க?"

குரல் உயரவில்லை. 'ங்க' போட்டுத்தான் கேட்டார். நிரோஷா போனை நிறுத்த மறந்துவிட்டாள். முத்துலெட்சுமி கம்பியை விட்டுவிட்டு, "சரியாங்க டீச்சர்? நான் போகவா? மலையில ஆளு கொறச்சல்" என்றார்.

தொகுப்பு பத்து நாள் நடந்தது. கணினி அறையில் ஒழுங்காக ஓடியது ஒரேயொரு கணினி. அதுவும் நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கும். நான் நிரோஷாவுக்குக் கொடுத்த விதி ஒன்றுதான்: முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேள், காது சொல்லும் இடத்தில் வெட்டு. முத்துலெட்சுமியின் கேள்விக்குப் பிறகு பின்னணி இசை போட்டுப் பார்த்தாள், எடுத்தாள். அழும் முகத்தைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள். கடைசியில் மூன்று நொடி கறுப்பை விட்டு, பிறகு நாடகத்தின் பெயரை மட்டும் வைத்தாள். "இனி இதத் தொடாத" என்றேன்.

போட்டிக்கு அனுப்புமுன் அதிபர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மகேந்திரன் சேர் கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிக நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஒரு திருத்தம்தான்." பென்சிலை எடுத்து, படிவத்தோடு இருந்த வசனத் தாளில் எழுதினார். எம் மக என்றிருந்தது 'என் மகள்' ஆனது. கடுதாசி 'கடிதம்' ஆனது. "இந்த வசனத்துக்கு மட்டும் வேறு குரல் கொடுங்கள். பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் எடுத்த அபிநயா இருக்கிறாளே."

"சேர், அது அந்த அம்மா சொந்தக் குரல்ல சொன்னது."

"டீச்சர், நாடகங்களில் தோட்டத்துப் பேச்சு எப்போது வருகிறது? வேலைக்காரன் வரும்போது, கோமாளி வரும்போது. சபை சிரிக்கும். நமது பிள்ளைகளைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு வருடம் பாடுபடுகிறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நாடகங்களைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அதனால்தான் அன்றைக்கு அவர் கையெழுத்திட்டுத் தந்த படிவத்தை வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு வந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. முதலில் நான் இணங்கிப் போனேன்.

அபிநயா டவுனில் கடை வைத்திருப்பவரின் மகள். நல்ல பிள்ளை. களஞ்சிய அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு அவள் குரலைப் பதிவு செய்தோம். சுத்தமான உச்சரிப்பு. நிரோஷா அதை முத்துலெட்சுமியின் வாயசைவுக்குப் பொருத்தினாள். போட்டுப் பார்த்தோம். அபிநயாதான் முதலில் பேசினாள்.

"மிஸ், இது வேணாம் மிஸ். அந்த அம்மா கேக்குறாங்க. நான் வாசிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கௌசல்யா உள்ளே வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. திரையில் அவள் அம்மாவின் வாய் அசைய, அபிநயாவின் குரல் வந்தது. அவள் கடைசி வரை பார்த்தாள்.

"எங்கம்மா மூஞ்சி மட்டும் போதுமா டீச்சர் ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். எதற்கும் நான் அப்படிக் கூனிக் குறுகிப் போனதில்லை. அப்பாவும் அம்மாவும் பேசிய பேச்சை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரத்தான் நானும் இத்தனை காலம் சொல்லிக் கொடுத்தேனா என்று அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து யோசித்தேன்.

"நிரோஷா, புதுசா சேத்தத அழிச்சிரு" என்றேன்.

"சேர் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. நீ எதுக்கும் கையெழுத்துப் போடல. நான்தான் போடுறேன்."

அதிபரிடம் போய் நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அனுப்பவே விடமாட்டார் என்று தெரியும். அவர் கையெழுத்திட்ட படிவத்தோடு பழைய வடிவத்தை அனுப்பினேன். தெரிந்துதான் செய்தேன்.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். பிள்ளைகளோடு முத்துலெட்சுமியும் வந்திருந்தார். நான்காவது வரிசையில், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில். மகேந்திரன் சேர் முன்வரிசையில் விருந்தினர்களோடு இருந்தார். எங்கள் டிரெய்லர் ஓடியது. இருபதாவது காட்சி வந்தது. 'கடுதாசி' என்ற சொல் விழுந்ததும் பின்வரிசையில் வேறு பாடசாலைப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அதிபர் சொன்னது போலவே.

முத்துலெட்சுமி இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் திரும்பினார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? ஒங்க வீட்டுக்குக் கடுதாசி வாறதில்லையா?"

அது திரையில் கறுப்பு விழுந்த மூன்று நொடி. மண்டபம் முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது. அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பெயர் திரையில் வந்து போனது. அடுத்த பாடசாலையின் டிரெய்லரைப் போட்டார்கள்.

எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவர் குறிப்பில் 'மொழித்தூய்மை பேணப்படவில்லை' என்று இருந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். கௌசல்யா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். படிவம் மேசையில் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் கையெழுத்திட்டது இதற்கல்ல" என்று தொடங்கினார். அடுத்த வசனத்தில் அவர் குரல் உடைந்தது. "என்னா டீச்சர் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க நீங்க? அத்தன பேருக்கு முன்னுக்குச் சிரிச்சானுங்களே! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? எங்கம்மாவப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைப்பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"அதான் சேர் அந்தம்மா கேட்டாங்க" என்றேன். "நம்ம ரெண்டு பேரும் கேக்காதத."

ஜன்னலைப் பார்த்தபடியே, பழைய குரலில் சொன்னார்: "எழுத்தில் விளக்கம் தாருங்கள். விதி அது."

அன்று மாலையே கொடுத்தேன். மூன்று வரி. "முத்துலெட்சுமி அவர்கள் கடுதாசி என்றுதான் சொன்னார். அதை மாற்றும் உரிமை எனக்கு இல்லை. இனியும் மாற்ற மாட்டேன்." வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர் வாசித்தார். பென்சில் பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஊடகப் பாடத்தை ஒரு வருடம் என்னிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்புக்குச் சுகாதாரம் கொடுத்தார்கள். படிப்பித்தேன். பாடசாலை விட்ட பிறகு கணினி அறையில் நிரோஷாவும் மற்றப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தால், போகச் சொல்ல எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அதிபர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே போவார்.

பரிசு வாங்காத அந்த டிரெய்லர் போனிலிருந்து போனுக்குப் போனது. எந்தெந்தத் தோட்டங்களிலிருந்தோ ஆட்கள் கௌசல்யாவின் வீட்டுக்கு வந்து, "நாடகம் எப்பப் போடுவீங்க? கடுதாசிய எடுத்தது யாருன்னாச்சும் சொல்லுங்க" என்று கேட்டார்களாம். நாடகமே கிடையாது, டிரெய்லர் மட்டும்தான் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போனார்களாம். ஒரு தோட்டத்தில் நாலைந்து பெண்கள் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்று முத்துலெட்சுமி கேட்டதை வரிக்கு வரி கேட்டிருக்கிறார்கள். கிளார்க் விறைத்துப் போனாராம். அதனால் தபால் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்னமும் ஆபீசுக்குத்தான் வருகிறது. ஆனால் கேட்கிறார்கள்.

கௌசல்யா கொழும்பில் ஒரு தொகுப்புக்கூடத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பேச்சை மாற்றிக்கொள்ளும்படி ஒருவர் சொன்னாராம். "எம் பேச்சு ஒங்களுக்கு விளங்குதுதானே?" என்று கேட்டாளாம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

ஆகவே துஷாந்தி, பிள்ளைகளுக்குச் சொல்லு. வெட்டுவதை மெஷின் செய்யட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் அந்த மூச்சு வாங்கும் கணினியோடு பத்து நாள் கிடந்தவள்தான். ஆனால் யாருடைய குரலை மாற்றப் போகிறோமோ, அவரை முதலில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லு. அவர் முகத்துக்கு நேரே செய்ய முடியாதென்றால் செய்யக்கூடாது.

ஓய்வு பெற்ற சமயம், ஓய்வூதியப் பத்திரங்களுக்காக வலய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் சுயவிவரக் கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எழுதுவினைஞர் இளம் பிள்ளை, என்னிடம் படித்தவர் இல்லை. ஒரு தாளில் அவர் கை நின்றது. வாசித்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், எல்லாம் கிளீனா இருக்கு. இந்த எச்சரிக்கையும் ஒங்க விளக்கமும் மட்டும்தான். ரொம்பப் பழசு. வேணும்னா எடுத்துரவா? யாரும் பாக்க மாட்டாங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். விளிம்பில் எங்கும் பென்சில் அடையாளம் இல்லை. பக்க இலக்கம் மட்டும் போடாமல் விட்டிருந்தார்கள்.

"வேணாம்பா, இருக்கட்டும்" என்றேன். "நம்பர் போட்டுக் கோர்த்து வைங்க."

அவர் பேனாவை எடுத்து நம்பர் போட்டார்.